‘அவர் குணமே அப்படி’ என்கிறார்கள், என்ன செய்வது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கூட வேலை செய்யும் ஒருவரைப் பற்றியவை. எல்லாவற்றிலும் ஏதோ ஓரிடத்தில் ‘அவர் குணமே அப்படி’ என்று வருகிறது. கோவைப் பக்கத்து மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் தொழிலாளர் நல அலுவலராக இருந்த காலம் முழுக்க நானும் இதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். குணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் என்ன செய்தார், எங்கே செய்தார், யார் முன்னால் செய்தார், அதனால் வேலை என்ன ஆனது என்று கேட்டால்தான் மேற்கொண்டு நகர முடியும். அந்த வழியிலேயே பதில் சொல்லப் பார்க்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 27. எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் லைனில் எல்லா டெய்லர்கள் முன்னாலும் என்னைக் கத்துவார். போன வாரம் ஒரு சாம்பிளைத் தூக்கி என் மேலேயே வீசினார். சரக்கு போன மறுநாள் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கித் தந்து, “மனசுல வச்சுக்காத பாப்பா” என்பார். முதலாளியிடம் சொன்னால், “அவர் குணமே அப்படிம்மா, ஆனா அவர் இல்லேன்னா ஷிப்மென்ட் போகாது” என்கிறார். இதற்குச் சட்டம் ஏதாவது உண்டா? வேலையை விட்டுவிடலாமா?
வாசகி, திருப்பூர்

பதில்: கண்ணு, சாம்பிளை வீசியதை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். கத்துவது ஒன்று, ஆள் மேல் பொருளை எறிவது வேறு. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த லைனில் நடந்தது, பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே எழுதுங்கள். ‘கேவலமாகத் திட்டினார்’ என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்துப் படிக்கிறவருக்கு எதுவும் விளங்காது. அது உங்கள் சொந்த நோட்டாக இருக்கட்டும், கம்பெனி கம்ப்யூட்டரில் வேண்டாம்.

அடுத்தது கத்தல். இந்த வேலையைப் பற்றித் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் தையல் லைனுக்கும் நடுவில் நிற்பவர் மெர்ச்சண்டைசர். பையர் கலரை ஓகே செய்ய வேண்டும், மொத்தமாகத் தைக்கும் முன் அனுப்பும் பிபி சாம்பிளை ஓகே செய்ய வேண்டும், லேபிளும் பட்டனும் ஜிப்பும் வந்து சேர வேண்டும். இதில் நான்கு நாள் தள்ளிப் போனாலும் கப்பல் தேதி தள்ளிப் போவதில்லை. கப்பலை விட்டுவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டி வரும். தாமதம் கம்பெனியுடையது என்றால் அந்தச் செலவும் கம்பெனி தலையில்தான் விழும், ஆர்டரில் பார்த்த லாபம் அதிலேயே கரைந்துவிடும். ஆக, போன நான்கு நாளைத் தையலில்தான் மீட்டாக வேண்டும். காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் ஓட்டி, டெய்லர்களைக் கெஞ்சி உட்கார வைத்து அதை மீட்கிறவர் புரொடக்‌ஷன் மேனேஜர். அந்தக் கோபம் அத்தனையும் பையர் மேல் போக முடியாது, உங்கள் மேல் வருகிறது.

அவருக்காக வாதாடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எப்போதெல்லாம் கத்துகிறார் என்று இரண்டு வாரம் கவனித்து எழுதுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். நான் பார்த்த மேனேஜர்களில் பலர், கெட்ட செய்தி கடைசி நிமிஷத்தில் வரும்போதுதான் வெடிப்பார்கள். அதே செய்தி மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பார்கள். உங்கள் நோட்டிலும் அப்படித் தெரிந்தால், காலையில் லைன் ஓடத் தொடங்கும் முன் அவர் மேசையில் அரைப் பக்கத் தாள் ஒன்றை வைத்துவிடுங்கள். எந்த ஸ்டைல், எது ஓகே ஆகிவிட்டது, எது நிற்கிறது, எந்தத் தேதிக்குள் வரும், இவ்வளவு போதும். எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்று போட்ட முழு டி அண்ட் ஏ ஷீட்டை மெயிலில் அனுப்பினால் அவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார். இப்படிச் செய்தும் கத்தல் குறையவில்லை என்றால், வேலைக்காகக் கத்தவில்லை, உங்களைக் குறிவைக்கிறார் என்பது தெளிவாகும். அதைத் தெரிந்துகொள்வதும் அவசியம்.

லைனில் வைத்துக் கத்தும்போது பதிலுக்குக் கத்த வேண்டாம், அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். “சார், அளவுப் பிரச்சினையை இப்பவே கட்டிங்ல போய்ப் பாக்கறேன். மத்ததை உங்க ரூம்ல பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள். சொன்னபடி மதியம் அவர் அறைக்குக் கட்டாயம் போங்கள். போகாமல் விட்டால் அடுத்த முறை அந்த வார்த்தைக்கு மரியாதை இருக்காது. அறையில் இப்படிப் பேசலாம்: “தப்பு இருந்தா சொல்லுங்க சார், திருத்திக்கறேன். ஆனா டெய்லருங்க முன்னாடி என்னைக் கத்தினா, நாளைக்கு நான் போய் இந்தத் தையல் சரியில்லைன்னு சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அது உங்க லைனுக்கும் நஷ்டம். அப்புறம், என் மேல பொருளை எறியறது இனிமேல் நடக்கக் கூடாது.” கடைசி வாக்கியத்தோடு ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்று எதையும் சேர்க்காதீர்கள். அடுத்த ஷிப்மென்ட்டுக்கு டீ வாங்கித் தந்தால் வாங்கிக் குடியுங்கள். ‘பரவாயில்லை சார்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை அவர் அனுமதி என்று எடுத்துக்கொள்வார்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். கத்துவது, அவமானப்படுத்துவது போன்றவற்றுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஸ்வீடனில் ஹெய்ன்ஸ் லேமன் என்ற உளவியலாளர் 1980-களில் இதை ஆராய்ந்து எழுதினார், 1993-ல் அங்கே இதற்கென்று அரசு விதியே வந்தது. ஜப்பானில் 2019-ல் சட்டம் கொண்டுவந்து, மேலதிகாரியின் தொல்லையைத் தடுப்பது நிறுவனத்தின் கடமை என்று ஆக்கினார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் ஏற்றுமதி கம்பெனியில் இருப்பவருக்கு வேறொரு பிடி உண்டு. உங்கள் பையர் ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகளைக் கம்பெனிச் சுவரில் தமிழிலும் ஒட்டியிருப்பார்கள், போய்ப் படியுங்கள். பல பையர்கள் பின்பற்றும், ஈடிஐ என்ற நெறிமுறை வணிக அமைப்பின் அடிப்படை விதிகளில் ஒன்பதாவது, தொழிலாளரை அடிப்பது, மிரட்டுவது, வார்த்தையால் இழிவுபடுத்துவது எதுவும் கூடாது என்கிறது. தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ 8000 சான்றிதழைக் கம்பெனி வாங்கியிருந்தால் அதிலும் இதே கட்டுப்பாடு இருக்கிறது. ஆடிட்டுக்கு வருபவர்கள் டெய்லர்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவார்கள். ஒரு டெய்லர் வாய் திறந்தால் போதும், ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

மறுபடி முதலாளியிடம் போகும்போது இதை எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே, அந்த மேனேஜரின் லைன்களிலிருந்து மூன்று மாதத்தில் எத்தனை டெய்லர்கள் நின்றுவிட்டார்கள் என்று வருகைப் பதிவைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் நல்ல டெய்லர் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை அடுத்த தெருக் கம்பெனியில் உட்கார்ந்துவிடுவார். புது ஆள் கைபழகும்வரை பீஸ் குறையும், ஆல்ட்டர், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்கும் வேலை, கூடும். அந்த நஷ்டத்தை முதலாளி தன் கண்ணால் பார்க்கட்டும். உண்மையில் எனக்கு அந்த மேனேஜரைவிட முதலாளி மேல்தான் வருத்தம். ‘இப்படிச் செய்யாதே’ என்று சொல்லும் அதிகாரம் அந்தக் கம்பெனியில் அவர் ஒருவருக்குத்தான் இருக்கிறது, அவர் அதைச் செய்யாமல் உங்களைப் பொறுத்துப்போகச் சொல்கிறார்.

வேலையை விடுவது பற்றி: கத்தல் வாங்கிய நாளில் முடிவெடுக்காதீர்கள். இரண்டு மாதம் இதையெல்லாம் செய்து பாருங்கள், அதே நேரத்தில் வேறு இடத்திலும் கேட்டு வையுங்கள். இன்னொரு முறை பொருளை எறிந்து, முதலாளியும் சிரித்து மழுப்பினால், ரிலீவிங் லெட்டரும் பிஎஃப் விவரமும் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை. அதற்கிடையில் தூக்கம் கெடுகிறது, ஞாயிறு மாலையே வயிற்றைப் பிசைகிறது என்றால் 14416-க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

கேள்வி: கூட்டுறவு வங்கிக் கிளை ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஓய்வு பெற மூன்று வருடமே இருக்கும் சீனியர் ஒருவர், சாயங்காலமானால் தன் நகைக்கடன் வேலையை என்னிடம் தள்ளிவிடுவார். அவருடைய பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, “நீயே போட்டுடு தம்பி” என்பார். மறுத்தால் திமிர் பிடித்தவன் என்று கிளை முழுக்கப் பேசுகிறார்.
வாசகர், தஞ்சாவூர்

பதில்: தம்பி, அந்தச் சீட்டைக் கையால் தொடாதீர்கள். நீங்கள் வேலைப்பளு என்று எழுதியிருக்கிறீர்கள், நான் அதைவிடப் பெரிய ஆபத்தைப் பார்க்கிறேன். வங்கியில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று வைத்திருப்பதே, ஒரே ஆள் கையில் எல்லாம் இருக்கக் கூடாது என்பதற்காக. நாளைக்கு அடகு நகைப் பொட்டலம் ஒன்றில் எடை குறைந்தது, தரம் மாறியது என்று தணிக்கையில் வந்தால், பதிவு அவர் பெயரில் இருக்கும், போட்டது உங்கள் கை. அவர் ‘எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாது சார், தம்பிதான் போடுவான்’ என்று சொன்னால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது?

அவர் சோம்பேறி என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். லெட்ஜரில் முத்து முத்தாக எழுதிப் பழகியவர்கள் பலர், திரை முன்னால் உட்கார்ந்தால் சின்னப் பையன்கள் பார்த்துச் சிரிப்பார்களோ என்று ஒதுங்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிளையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, “அண்ணே, நீங்க உக்காந்து போடுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்” என்று சொல்லுங்கள். அவர் கைதான் கீபோர்டில் இருக்க வேண்டும், எவ்வளவு மெதுவாகப் போனாலும் சரி. அதற்கும் அவர் வரவில்லை என்றால் மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள், புகாராக வேண்டாம், அவருக்குப் பயிற்சி தேவை என்ற கோரிக்கையாக. திமிர் என்று பேசுவதை அப்படியே விட்டுவிடுங்கள். மூன்று வருடத்தில் அவர் போய்விடுவார், உங்களுக்கு முன்னால் முப்பது வருடச் சர்வீஸ் இருக்கிறது.

கேள்வி: பெரிய ஜவுளிக் கடை ஒன்றில் சேல்ஸ் வேலை. கடை விடுதியில்தான் தங்கியிருக்கிறேன். மாடி சூப்பர்வைசர் நாள் முழுக்க உட்கார விடமாட்டார். அதோடு, என் உடம்பைப் பற்றி அசிங்கமாகப் பேசுகிறார், புடவை எடுத்துக் கொடுக்கும்போது வேண்டுமென்றே உரசுகிறார். மூத்த அக்காக்கள், “அவர் அப்படித்தான், கண்டுக்காதே” என்கிறார்கள். எனக்கு எழுதவும் சரியாக வராது, தோழிதான் இதை எழுதுகிறாள்.
வாசகி, சென்னை

பதில்: தங்கச்சி, அந்த அக்காக்கள் உங்கள் மேல் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இதைக் கண்டுகொள்ளத்தான் வேண்டும். ஒருவருடைய முன்கோபத்தையோ சிடுசிடுப்பையோ சமாளிக்க வழி சொல்வது போல இதற்குச் சொல்ல மாட்டேன். இது பாலியல் தொல்லை, சட்டப்படி குற்றம்.

2013-ம் வருடச் சட்டப்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு ஒன்று இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். நானே இப்போது சில இடங்களில் அப்படி வெளி உறுப்பினராக இருக்கிறேன். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாத சூழ்நிலை இருந்தது என்று குழு ஒப்புக்கொண்டால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். எழுத வராது என்பது தடையே இல்லை, எழுதிக் கொடுக்க உதவுவது குழுவின் கடமை. விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். உங்கள் பெயரை வெளியே விடக் கூடாது.

விடுதியை விட்டுத் துரத்திவிடுவார்களோ என்று நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்: விசாரணை நடக்கும்போதே அவரையோ உங்களையோ வேறு மாடிக்கு மாற்றச் சொல்லலாம், உங்கள் வழக்கமான விடுப்பு போக மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். புகாரிலேயே விடுதி பற்றி ஒரு வரி சேருங்கள், ‘விசாரணை முடியும்வரை என் தங்குமிடத்தை மாற்றக் கூடாது’ என்று. குழு என்று ஒன்று கடையில் இல்லவே இல்லை என்றாலோ, கடை முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் முதலில் 181-ஐ அழையுங்கள், அது பெண்களுக்கான உதவி எண். தனியாகப் போகாமல் இந்தக் கடிதம் எழுதிய தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த மாடியில் உங்களுக்கு மட்டும் இது நடந்திருக்காது. நீங்கள் புகார் கொடுத்த பிறகு இன்னும் ஒருவர் இருவர் வாய் திறக்கலாம்.

உட்காருவதற்கும் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டியது கடையின் கட்டாயம். அந்தப் புகார் தொழிலாளர் துறைக்கு. இரண்டையும் ஒரே தாளில் எழுத வேண்டாம், உட்காரும் விஷயத்தைப் பேசி முடித்துவிட்டு மற்றதை மறக்கடித்துவிடுவார்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து வேலை. டீம் லீட் ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் ‘அர்ஜென்ட்’ என்று அனுப்புகிறார். காலையில் பார்த்தால் ஒன்றும் அர்ஜென்ட் இல்லை.
வாசகர், சென்னை

பதில்: பிரான்ஸில் 2017 முதல் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பில் இல்லாமலிருக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, நமக்கு வரவில்லை. ஆகையால் நீங்களே ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். “ராத்திரி ஒன்பதுக்கு மேல் மெசேஜ் பார்க்க மாட்டேன், சர்வர் விழுந்தால் போன் பண்ணுங்க, எடுக்கிறேன்” என்று பகலில் சொல்லிவிடுங்கள். போன் வந்தால் கண்டிப்பாக எடுங்கள். போன் பண்ணும் அளவுக்கு அவசரம் அவருக்கே எவ்வளவு குறைவு என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பின் சூப்பர்வைசர் நான். வயது 52. என்னிடம் பேசவே பையன்கள் பயப்படுவதாக ஹெச்.ஆர். கூப்பிட்டுச் சொன்னார்கள். முன்பு வேலை செய்த இடத்தில், என் கண் முன்னால் ஒரு பையனுக்கு பிரஸ்ஸில் இரண்டு விரல் போனது. அதனால்தான் கண்டிப்பாக இருக்கிறேன். கண்டிப்பாக இருப்பது தப்பா? எல்லோரும் சொல்லும் அந்த மோசமான ஆள் நான்தானா?
வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, இந்த மாதம் வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். இப்படிக் கேட்க ஒருவருக்கு நிறைய நேர்மை வேண்டும். கண்டிப்பு தப்பில்லை. பிரஸ்ஸின் அச்சான டைக்குள் கை போகும்போது தொண்டை கிழியக் கத்துங்கள், அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

நான் கவலைப்படுவது இதற்காக. எங்கள் மில்லில் நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பகுதியில் ஒரு மேஸ்திரி இருந்தார், நல்ல வேலைக்காரர். கழிவு நூல் அதிகமானால் ஷிப்ட் முழுக்கத் திட்டுவார். அங்கிருந்த பெண்கள் கழிவை இடுப்பில் செருகி வெளியே கொண்டுபோய் எறியத் தொடங்கினார்கள். அவர் கணக்கில் கழிவு குறைந்துகொண்டே வந்தது. ஒரு மெஷினில் கோளாறு என்பது வாரக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. அங்கே போனது நூல் மட்டும்தான், உங்கள் இடத்தில் விரல் போகும்.

எமி எட்மன்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டிலோ அங்கேதான் தவறுகள் அதிகமாக இருந்தன. தோண்டிப் பார்த்தபோது, அந்த நர்ஸ்கள் பயமில்லாமல் மேலே சொன்னார்கள், மற்ற வார்டுகளில் மறைத்தார்கள் என்று தெரியவந்தது. உங்கள் பிரஸ் ஷாப்பில் யாராவது ஒருவர், நீங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தானாக வந்து ‘அண்ணே, தப்பு பண்ணிட்டேன்’ என்று சொன்னது கடைசியாக எப்போது? ஞாபகமே வரவில்லை என்றால் ஹெச்.ஆர். சொன்னது சரி.

ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பாருங்கள். ஒரு பையன் வந்து ஏதாவது சொன்னால், “நீ என்ன பண்ணினே?” என்று தொடங்காமல் “மெஷின்ல என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். ஷிப்ட் மாறும்போது ஐந்து நிமிஷம் எல்லோரையும் நிற்க வைத்து, இன்றைக்கு எது மயிரிழையில் தப்பியது என்று கேளுங்கள். முதல் சில நாள் ஒருவரும் பேச மாட்டார்கள். அந்த விரல் போன கதையை அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சொல்லுங்கள், நீங்கள் ஏன் கத்துகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

ஒரு நாள் யாராவது வந்து, கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்தும் சென்சார் மேல் டேப் ஒட்டி ஓட்டினேன் என்று ஒப்புக்கொள்வான். அன்றைக்குக் கை நீண்டு மெமோ புத்தகத்துக்குப் போகும். வேண்டாம் தம்பி. மெஷினை நிறுத்தி, டேப்பை உரித்துவிட்டு, ஏன் ஒட்டினாய் என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்று நீங்கள் போட்ட டார்கெட்டை எட்ட முடியாமல் ஒட்டியிருந்தால், அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பேச வேண்டியவர் நீங்கள்தான்.